இத்துனூண்டு வரோவா உண்ணி ஒரு பெட்டித் தேனீயை எப்படிக் காலி செய்கிறது?

நேரடியாகக் கொல்வது பெரும்பாலும் உண்ணி இல்லை, அது பரப்பும் வைரஸ். முக்கியமாக இறக்கைகளைச் சுருங்க வைக்கும் வைரஸ்; வாசலில் கசங்கிய இறக்கையோடு தேனீ ஊர்ந்தால் நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம்.

வரோவா ஆசியத் தேனீயின் பழைய ஒட்டுண்ணி. நம் ஊர்ப் பெட்டிகளில் இருக்கும் இந்தியத் தேனீயும் அந்த இனம்தான். அதில் உண்ணி பெரும்பாலும் ஆண் புழுக்களிடம்தான் பெருகும், அதனால் கூட்டம் சமாளித்துவிடும். ஐரோப்பியத் தேனீயில் வேலைக்காரப் புழுக்களையும் விடாது.

தேனீப் புழு வளரும் அறை மெழுகால் மூடப்படுவதற்குச் சற்று முன் தாய் உண்ணி உள்ளே நுழைந்து, புழுவின் உணவுக்கு அடியில் பதுங்கிவிடும். மூடியதும் கூட்டுப்புழுவின் தோலில் ஒரு துளை போடும், பொரிக்கிற குஞ்சுகளுக்கும் அதுவே பந்தி. ரத்தம்தான் குடிக்கிறது என்று நெடுநாள் நினைத்தார்கள். 2019இல் வந்த ஆய்வு, வளர்ந்த தேனீயில் அது முக்கியமாகத் தின்பது கொழுப்புத் திசுவை என்று காட்டியது. குளிர்காலத்தைத் தாண்ட அந்தத் திசுதான் ஆதாரம். சரி, அமெரிக்காவில் தேனீக் கூட்டங்கள் ஏன் குளிர்காலத்தில் சாகின்றன? இலையுதிர்காலத்தில் ராணி முட்டையைக் குறைக்கும், உண்ணியோ உச்சத்தில் இருக்கும், மிச்சமுள்ள கொஞ்சப் புழுக்கள் மேல் மொத்தமாக விழும். பெட்டி நிறையத் தேன் இருந்தும் கூட்டம் சாகும்.

தேனீ வளர்க்கும் பெரிய நாடுகளில் ஆஸ்திரேலியா மட்டும் தப்பித்திருந்தது, 2022இல் நியூகாசில் துறைமுகம் அருகே அங்கேயும் வந்துவிட்டது. அடுத்த ஆண்டே ஒழிப்பு முயற்சியைக் கைவிட்டார்கள். மருந்து போடுவதென்றால், ஆக்சாலிக் அமிலம் மூடிய அறைக்குள் போகாது, ஃபார்மிக் அமிலம் போகும்.