மலை ஓடையோரப் படித்தளத்தில் எரிமலைச் சாம்பல் கலந்த சரளை மண்: இதன் இயல்புகள் என்ன, இதை நம்பி நிலம் வாங்கலாமா?

வணக்கம். தங்கள் தங்கையின் குடும்பம் அமெரிக்காவின் வட ஐடஹோ மலைப்பகுதியில், ஓர் ஓடைக்கு அருகே மூன்று ஏக்கர் நிலம் வாங்க எண்ணியிருப்பதாகவும், அந்த நிலத்தின் மண் அறிக்கையில் "எரிமலைச் சாம்பலின் தாக்கமுள்ள சரளை மண், ஓடைப் படித்தளம்" என்று மட்டும் குறித்திருப்பதாகவும், இதில் காய்கறி விளையுமா, வீடு நிற்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் சிங்கப்பூரில் கட்டுமானத்துக்கு முன் துளையிட்டு மண் மாதிரி எடுத்துப் பதிவு செய்யும் பணியில் 26 ஆண்டுகள் இருந்தவன். என் மகன் அதே வட்டாரத்தில் குடியிருப்பதால், நீங்கள் குறிப்பிடும் வகை மண்ணைக் குழி வெட்டிக் கையால் பிசைந்து பார்க்கும் வாய்ப்பு இருமுறை கிடைத்தது. அந்த அனுபவத்தையும் அதற்குப் பின் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்க வேண்டும். சாம்பல் என்றதும் நமக்கு அடுப்புச் சாம்பல்தான் நினைவுக்கு வருகிறது. பயிர்ச் சத்துகளில் ஒன்றுக்கே நம் உழவர்கள் சாம்பல் சத்து என்று பெயரிட்டிருக்கிறார்கள். எரிமலைச் சாம்பல் எதுவும் எரிந்து மிஞ்சியதன்று. வாயு நிறைந்த பாறைக்குழம்பு வெடித்துச் சிதறி, படிகமாவதற்கு நேரமில்லாமல் வானிலேயே உறைந்துபோன கண்ணாடித் துகளே அது. பல துகள்களின் உள்ளே காற்றுக்குமிழிகளின் தடமும் இருக்கும். எனவே விறகுச் சாம்பலைத் தோட்டத்தில் தூவினால் கிடைக்கும் உடனடிப் பலனை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. இதன் வலிமை வேறு இடத்தில் இருக்கிறது.

அறிக்கையில் ஒரே வரியில் எழுதப்பட்டிருப்பது உண்மையில் இரு வேறு பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் நிலம். கீழே இருப்பது நீர் கொண்டுவந்தது, மேலே இருப்பது காற்று கொண்டுவந்தது. பனியூழிக் காலத்தின் இறுதியில் மலைப் பனியாறுகள் உருகியபோது, பெருக்கெடுத்த ஓடைகள் கூழாங்கல்லையும் பருமணலையும் பள்ளத்தாக்கில் பரப்பின. பின்னர் நீரும் கல்வரத்தும் குறைந்ததும், ஓடை தன் பழைய படுகையையே அறுத்துக்கொண்டு கீழே இறங்கியது. கைவிடப்பட்ட பழைய படுகை ஓடைக்கு இருபுறமும் படிக்கட்டுபோல் உயர்ந்து நின்றது. இதைத்தான் படித்தளம் என்கிறோம். உயரமான படி பழையது, தாழ்ந்த படி இளையது என்பது பொது விதி.

மேலே உள்ள சாம்பல் பெரும்பாலும் ஒரே ஒரு வெடிப்பிலிருந்து வந்தது. சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் ஆரிகன் மாநிலத்தின் தென்பகுதியில் மசாமா என்ற எரிமலை வெடித்து உள்நோக்கிச் சரிந்தது. அந்தப் பள்ளம்தான் இன்று கிரேட்டர் ஏரி (Crater Lake) என்ற பெயரில், அமெரிக்காவின் மிக ஆழமான ஏரியாகக் கிடக்கிறது. அதன் சாம்பல் வாஷிங்டன், ஐடஹோ, மேற்கு மொன்டானா, கனடாவின் தென்மேற்குப் பகுதி வரை படிந்தது. 1980-ஆம் ஆண்டு மே மாதம் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்தபோதும் அவ்வட்டாரத்தில் சாம்பல் விழுந்தது. ஆனால் அது மெல்லிய பூச்சு, மசாமாவுடையதோ ஒரு போர்வை.

இந்தப் போர்வையின் முதல் இயல்பு அதன் எடையின்மை. என் மகனின் நிலத்தில் எடுத்த மஞ்சள் பழுப்புக் கட்டியைக் கையில் ஏந்தியபோது, சிங்கப்பூரின் புக்கிட் தீமா கருங்கல் சிதைந்து உண்டான நம் செம்மண் கட்டியின் எடைக்குப் பழகிய என் கை ஏமாந்துபோனது. விரலிடையே தேய்த்தால் வறுத்த அரிசி மாவைப்போல் வழுவழுப்பாகப் பரவியதே தவிர, களிமண்ணைப்போல் ஒட்டவில்லை. சாதாரண நிலங்களின் மண் ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.1 முதல் 1.6 கிராம் வரை இருக்கும். எரிமலைச் சாம்பல் நன்கு சிதைந்து உண்டான மண்ணை அறுதியிட வகைப்பாட்டு நூல்கள் வைத்திருக்கும் அளவுகோல்களில் ஒன்றே 0.9 கிராமுக்கு மிகாமை என்பது. அத்தகைய மண்ணை அன்டிசால் என்கிறார்கள். 'அன்' என்றால் கருமை, 'தோ' என்றால் மண் என்று பொருள்படும் ஜப்பானியச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஆயினும் வட ஐடஹோவின் ஊசியிலைக் காடுகளில் இம்மண் கறுத்திருப்பதில்லை என்பதால், நிறத்தை வைத்து முடிவு செய்துவிட வேண்டாம்.

எடையின்மைக்குக் காரணம் உள்ளே உள்ள வெற்றிடம். கண்ணாடித் துகளுக்குள் படிக ஒழுங்கு இல்லாததால் அது மற்றக் கனிமங்களைவிட விரைவாகச் சிதைகிறது. சிதைந்து வெளிப்படும் அலுமினியமும் சிலிக்காவும் சேர்ந்து அலோஃபேன் என்ற, சில நானோமீட்டர் விட்டமே உள்ள உட்கூடான உருண்டைகளாகின்றன. இமோகோலைட் என்ற நுண்குழாய்களும் உண்டாகின்றன. இவற்றோடு இரும்புச் சேர்மங்களும், அலுமினியத்தோடு பிணைந்த மக்கும் (மக்கிய இலைதழைப் பொருள்) சேர்கின்றன. ஒரு பிடி மண்ணுக்குள் அளவிடற்கரிய பரப்பும் நுண்துளையும் அமைந்துவிடுகின்றன. அதனால்தான் அது நீரைப் பிடித்து வைத்திருக்கிறது.

தங்கள் கேள்விக்கு மிக முக்கியமானது சாம்பலும் சரளையும் சந்திக்கும் எல்லைக்கோடு. பொதுவாக, அடியில் சரளை இருந்தால் நீர் உடனே வடிந்து மேல்மண் காய்ந்துவிடும் என்றே நாம் நினைப்போம். நம் வீடமைப்புப் பேட்டைகளில் தாழ்வாரத்தில் பூந்தொட்டி வைத்திருப்பவர்கள் தொட்டியின் அடியில் கல் பரப்புவதும் இந்த நம்பிக்கையால்தான். நடப்பது இதற்கு நேர்மாறானது. நுண்துளைகள் நீரை இழுத்துப் பிடிக்கும் விசை பெரியது. சரளைக்கு இடையே உள்ள அகன்ற வெளிகளுக்கு அந்த விசை இல்லை. எனவே மேலே உள்ள நுண்மண் ஏறத்தாழ முழுமையாக நனைந்து, அதன் அழுத்தம் கூடும் வரை நீர் எல்லையைத் தாண்டிக் கீழே இறங்காது. தொட்டியில் இது வேரை அழுகச் செய்யும் கேடு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மழையே அரிதாகிவிடும் வட ஐடஹோவிலோ இது பெரும் வரம். பனி உருகும் வேளையில் சாம்பல் போர்வை நிரம்பிக்கொள்கிறது. அந்தச் சேமிப்பை வைத்தே செம்பட்டைச் செடார் மரங்களும் ஹெம்லாக் மரங்களும் கோடையைக் கடக்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். சாம்பல் போர்வை 40 சென்டிமீட்டர் கனம் என்றும், அதன் கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு வேர் உறிஞ்சத்தக்க நீர் என்றும் வைத்துக்கொண்டால், அது 80 மில்லிமீட்டர் மழையைச் சேமித்ததற்குச் சமம். அதே 40 சென்டிமீட்டர் சரளை அடுக்கில் 60 விழுக்காடு கல், எஞ்சிய பருமணலில் பத்தில் ஒரு பங்கே நீர் என்று கொண்டால், கிடைப்பது 16 மில்லிமீட்டர்தான். கன அளவில் 35 விழுக்காட்டுக்கு மேல் கல் உள்ள மண்ணை மண்ணியலார் எலும்புக்கூட்டு மண் என்று அழைப்பது மிகப் பொருத்தமான பெயர். ஆகவே தங்கை கேட்க வேண்டிய முதல் கேள்வி, நிலம் எத்தனை ஏக்கர் என்பதன்று. சாம்பல் எத்தனை சென்டிமீட்டர் என்பதே.

அடுத்தது வெள்ளம். ஓடையோர நிலம் வாங்குவோர் அனைவரும் அஞ்சுவது இதற்குத்தான், இந்த மண் அதற்கும் ஓரளவு சாட்சி சொல்லும். ஒரு படித்தளத்தின் மேல் மசாமா சாம்பல் கலையாமல், உருண்டைக் கல் கலக்காமல் படிந்திருந்தால், அந்தத் தளம் 7,700 ஆண்டுகளுக்கு முன்பே உருவாகிவிட்டது என்பதும், அதற்குப் பின் அதை அரித்துச் செல்லுமளவு வெள்ளம் அங்கே ஏறவில்லை என்பதும் பெறப்படும். மாறாக, சாம்பலுக்கு இடையே மணல் கோடுகளும் கரித்துண்டுகளும் அடுக்கடுக்காகத் தென்பட்டால், மேட்டிலிருந்து நீர் அடித்து வந்து மீண்டும் படியவைத்த சாம்பல் அது. அந்தத் தளம் இளையதாக இருக்கலாம். ஆனால் இந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்கக் கூடாது. பெருமரங்கள் காற்றில் வேரோடு சாயும்போது அடிச்சரளையைப் பெயர்த்து மேலே கொண்டுவந்து சாம்பலோடு கலந்துவிடுகின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் இது பலமுறை நிகழ்ந்திருக்கும். தங்கள் அறிக்கையில் மேல்மண்ணையே சரளை மண் என்று குறித்திருப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். வெள்ளம் கலந்ததா, மரம் கலந்ததா என்பதைக் குழியின் பக்கச்சுவர்தான் காட்டும்: வெள்ளம் கிடைமட்டமாகக் கோடு போடும், மரம் குழப்பமான பைகளாகக் கல்லைத் திணித்திருக்கும்.

இது எங்கோ தொலைதூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். சாங்கி, தெம்பனிஸ் பக்கம் துளையிட்டால் கிடைக்கும் பழைய வண்டல் அடுக்கில் ஆறு விட்டுச்சென்ற சரளையும் மணலும் உண்டு. ஆற்றுச் சரளையும் எரிமலைச் சாம்பலும் சேர்ந்து கிடைக்கும் இடம் வேண்டுமென்றால் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள லெங்கோங் பள்ளத்தாக்குக்குப் போகலாம். 2012-இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்த அந்தப் பள்ளத்தாக்கின் கோத்தா தம்பானில், சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா எரிமலை கக்கிய சாம்பல் பேராக் ஆற்றின் பழைய சரளைக்கு அருகிலேயே கிடைக்கிறது. அதே வெடிப்பின் சாம்பல் ஆந்திரத்தின் ஜுவாலாபுரம் வரை சென்றிருக்கிறது. நம் காலடிக்கு இவ்வளவு அருகில் உள்ள இந்த வரலாற்றைத் தமிழில் பேசுவோர் குறைவு என்பதால் இதைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை.

காய்கறி விளையுமா என்ற கேள்விக்கு விடை, விளையும், ஆனால் மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) கவனம் தேவை என்பதே. சாம்பல் சிதைந்து உண்டான அலுமினிய, இரும்புப் பரப்புகள் மணிச்சத்தைப் பற்றிக்கொண்டால் எளிதில் விடுவதில்லை. நன்கு சிதைந்த சாம்பல் மண், ஆய்வகத்தில் கொடுத்த மணிச்சத்தில் 85 விழுக்காட்டுக்கு மேல் பிடித்துவைத்துக்கொள்ளும். மசாமா சாம்பல் இன்னும் கண்ணாடித்தன்மை மிகுந்தது என்பதால் பிடிப்பு அதைவிடக் குறைவாகவே இருக்கும். எப்படியாயினும் உரத்தை நிலம் முழுதும் தூவினால் வீண்; விதை வரிசையை ஒட்டி வேர் எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். தழைச்சத்தும் (நைட்ரஜன்) கந்தகமும் சாம்பலில் மிகக் குறைவு, அவை பெரும்பாலும் மக்கிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே தொழுவுரமும் இலைமக்கும் ஆண்டுதோறும் இட வேண்டும். சுமத்ராவின் பிரஸ்தாகி மேட்டுநிலமும் சாம்பல் மண்தான். அங்கு விளைந்த கோசும் உருளைக்கிழங்கும் சிங்கப்பூர்ச் சந்தைக்கு வந்திருக்கின்றன. குறையறிந்து பேணினால் இம்மண் தரும் என்பதற்கு அதுவே போதிய சான்று.

வீட்டைப் பொறுத்தவரை, கடைக்கால் சாம்பலில் நிற்கக் கூடாது. அதைத் தாண்டிக் கெட்டியான சரளையில் நிற்க வேண்டும். சரளை நன்றாகச் சுமக்கும். கழிவுநீர்க் குழிதான் கவலைக்குரியது. அடிச்சரளையின் வழியே கழிவுநீர் வடிகட்டப்படாமலே ஓடையையும் கிணற்றையும் சென்றடையும் வாய்ப்பு உண்டு. ஆழமாகத் தோண்டி நேராகச் சரளையில் விடுவதைவிட, மேலுள்ள நுண்மண்ணின் வழியே செலுத்தும் அமைப்பே நல்லது. உள்ளூர்ச் சுகாதார அதிகாரிகளின் ஆய்வு முடிந்து அனுமதி கிடைத்த பிறகே முன்பணம் கொடுக்கச் சொல்லுங்கள்.

மற்றொன்றை என் மகனின் இழப்பிலிருந்து சொல்கிறேன். ஏப்ரல் மாதம், பனி உருகி நிலம் ஊறிக் கிடந்தபோது, அவன் அமர்த்திய ஒப்பந்தக்காரர் மண் தோண்டும் இயந்திரத்தைத் தோட்டத்துக்கு ஒதுக்கிய இடத்தின் குறுக்கே இருமுறை ஓட்டிவிட்டார். உள்ளே இருந்த வெற்றிடம் அத்தனையும் நசுங்கியது. இரண்டு ஆண்டுகள் கழித்து நான் சென்றபோதும் அந்தச் சக்கரத்தடத்தில் மழைநீர் தேங்கி நின்றது, புல்கூட மெலிந்திருந்தது. சாம்பல் மண்ணில் விழுந்த இறுக்கம் பல பத்தாண்டுகள் நீடிக்கக்கூடியது, உழுதாலும் பழைய துளைகள் முழுமையாக மீள்வதில்லை. கட்டடப் பணி எதுவாயினும் நிலம் காய்ந்த பின்னரே தொடங்க வேண்டும், வண்டிக்கு ஒரே பாதையைக் குறித்துவிட வேண்டும்.

வாங்கும் முன் உரிமையாளரின் அனுமதியோடு ஒரு மீட்டர் ஆழத்துக்கு மூன்று குழிகள் வெட்டச் சொல்லுங்கள்: ஓடைக்கு அருகே ஒன்று, தளத்தின் நடுவில் ஒன்று, மலையடிவாரத்தை ஒட்டி ஒன்று. ஒவ்வொன்றிலும் மஞ்சள் பழுப்புச் சாம்பல் எந்த ஆழத்தில் முடிகிறது, எல்லை கூர்மையாக இருக்கிறதா கலங்கியிருக்கிறதா, சாம்பலுக்குள் கல் உண்டா என்பதை அளவுநாடாவோடு படமெடுத்து இங்கே பதிவிட்டால், நான் பார்த்துச் சொல்கிறேன். ஓடைக்கு அருகே உள்ள குழியில் சாம்பலே இல்லாமல் நடுக்குழியில் 30 சென்டிமீட்டருக்கு மேல் இருக்குமானால், அவை இரண்டும் வெவ்வேறு வயதுடைய படிகளாக இருக்கக்கூடும்; அப்போது வீட்டையும் தோட்டத்தையும் மேற்படியிலேயே அமைத்துக்கொண்டு, கீழ்ப்படியை மரங்களுக்கு விட்டுவிடுமாறு தங்கையிடம் சொல்லுங்கள்.