குளோசிங் செலவையும் கடனிலேயே சேர்க்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் முதல் வீடு வாங்கப் போகிறோம். கடன் 3,00,000 டாலர். முன்பணம் தயார். ஆனால் குளோசிங் செலவுக்கு, அதாவது வாங்கி முடிக்கும்போது கட்ட வேண்டிய கட்டணங்களுக்கு, கையில் காசு குறைகிறது. அதைக் கடனோடு சேர்த்துவிட முடியுமா? ஒரு கடன் நிறுவனம் ‘குளோசிங் செலவே கிடையாது’ என்கிறது. நம்பலாமா?

பதில்: வீடு வாங்கும் கடனில் பொதுவாக அப்படி நேரடியாகச் சேர்க்க முடியாது. வீட்டு விலை, அப்ரைசல் மதிப்பு (மதிப்பீட்டாளர் போடும் மதிப்பு) இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் கடன் அளவு முடிவாகும். அரசு காப்பீடு தரும் எஃப்.எச்.ஏ. கடனின் 1.75% முன் காப்பீட்டுக் கட்டணம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. ரீஃபைனான்ஸ், அதாவது பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்குவது என்றால், சேர்ப்பது எளிது.

‘செலவே கிடையாது’ என்பதை அப்படியே நம்பாதீர்கள். செலவு எங்கும் போய்விடவில்லை, வட்டிக்குள் போயிருக்கிறது. உதாரணத்துக்கு, 30 வருடக் கடனுக்கு 6.5% வட்டி என்றால் மாதம் சுமார் 1,896 டாலர். 6.75% வட்டிக்குச் சம்மதித்தால் குளோசிங் செலவுக்கு 3,000 டாலர் லெண்டர் கிரெடிட் (கடன் நிறுவனம் தரும் தொகை) தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தவணை 1,946 ஆகிவிடும். மாதம் 50 டாலர் கூடுதல். ஐந்து வருடத்தில் அந்த 3,000 சரியாகிவிடும், அதற்குப் பிறகு கட்டுவதெல்லாம் உங்களுக்கு நஷ்டம். நாலு வருடத்தில் வீட்டை விற்கும் எண்ணம் இருந்தால் அந்தக் கிரெடிட்டைத் தாராளமாக வாங்குங்கள். அங்கேயே நிலையாக இருக்கப் போகிறீர்கள் என்றால் நான் வேண்டாம் என்பேன்.

முன்பணத்தில் கொஞ்சம் குறைத்து அதைக் குளோசிங்குக்கு எடுத்துக்கொள்வதும் ஒரு வழி. ஆனால் முன்பணம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் சாதாரணக் கடனில் (அரசுக் காப்பீடு இல்லாதது) பி.எம்.ஐ. வந்து ஒட்டிக்கொள்ளும்; கடன் கொடுத்தவரின் பாதுகாப்புக்காக நீங்கள் கட்டும் காப்பீடு அது. அதையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், குளோசிங் செலவில் ஒரு பங்கை ஏற்கச் சொல்லி விற்பவரிடம் கேட்டீர்களா? கூச்சப்படவே வேண்டாம், அங்கே இது சகஜம். நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு, முன்பணம் 10 சதவீதத்துக்குக் குறைவு என்றால் சாதாரணக் கடனில் விலையில் 3% வரை அவர் ஏற்கலாம், எஃப்.எச்.ஏ.வில் 6% வரை.

அப்புறம், விண்ணப்பித்த மூன்று வேலை நாளுக்குள் கடன் நிறுவனம் லோன் எஸ்டிமேட் (வட்டி, தவணை, செலவு மதிப்பீடு உள்ள படிவம்) அனுப்பியாக வேண்டும். கிரெடிட்டோடு ஒன்று, கிரெடிட் இல்லாமல் ஒன்று என இரண்டு கேளுங்கள். இரண்டாம் பக்கத்தில் ‘சி’ பிரிவில் உள்ள சேவைகளை நீங்களே வெளியில் விலை விசாரித்து வாங்கலாம். வீட்டின் உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கட்டணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பேரத்தை அதில் ஆரம்பியுங்கள்.