மும்பைக்கு வந்தவர் எத்தனை, கிளம்பியவர் எத்தனை?

தாராவியில் புவியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நகரத்தின் மக்கள்தொகை பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

செம்பூர் வாசகர்: சார், வெளியூர் ஆட்கள் வருவதை நிறுத்தினால் மும்பை நெரிசல் நின்றுவிடும்தானே?

எந்த மும்பை? கொலாபாவிலிருந்து மாஹிம், சயான் வரையுள்ள தீவு நகரத்தில் 2001இல் சுமார் 33 லட்சம் பேர் இருந்தார்கள். 2011இல் அது 31 லட்சமாகக் குறைந்துவிட்டது. அதே பத்து வருடத்தில் நகரத்தை ஒட்டியுள்ள தாணே மாவட்டம் (அப்போது அதிலிருந்து பால்கர் மாவட்டம் பிரியவில்லை) 81 லட்சத்திலிருந்து 1 கோடியே 10 லட்சமானது. 1982 மில் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, தீவு நகரத்தின் பரேல், லால்பாக் பக்கம் துணி மில்கள் ஒவ்வொன்றாக மூடின. பிற்பாடு அந்த நிலத்தில் அடுக்குமாடிக் கோபுரங்கள் எழுந்தன. சால் வீட்டில் (வரிசையாக ஒற்றை அறைகள் உள்ள கட்டடம்) வளர்ந்த தொழிலாளியின் மகனுக்கு அங்கே ஃபிளாட் வாங்கக் கட்டுப்படியாகுமா? வருபவரை மட்டும் எண்ணுகிறோம், கிளம்பிப் போனவரை யாரும் எண்ணுவதில்லை.

இன்னொன்று. பிழைக்க வருபவர்களில் பெரும்பாலோர் இளவயதுக்காரர்கள். அவர்களுக்கு இங்கேயே பிள்ளை பிறக்கிறது. அந்தப் பிள்ளை குடிபெயர்வுக் கணக்கில் வராது, பிறப்புக் கணக்கில்தான் வரும். அதனால் நாளைக்கே கதவைச் சாத்தினாலும் வளர்ச்சி உடனே நிற்காது.

தாராவி 90 பீட் ரோடு வாசகர்: அண்ணாச்சி, தாத்தா திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிட வந்தவர். நான் பிறந்தது சயானில். இன்னும் 'மதராசி' என்கிறார்கள். சென்சஸில் நான் வந்தவனா, இந்த ஊர்க்காரனா?

இந்த ஊர்க்காரன்தான், தம்பி. சென்சஸில் பிறந்த இடம் ஒரு கேள்வி, கடைசியாகக் குடியிருந்த இடம் இன்னொரு கேள்வி. தாய்மொழிக்குத் தனிக் கேள்வி. நீங்கள் தமிழ் என்று சொல்வதால் வெளியூர்க்காரர் ஆகிவிட மாட்டீர்கள். வேடிக்கை என்னவென்றால், நடுவில் நாலு வருடம் ஊரில் போய் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தால், இரண்டாவது கேள்வியின்படி நீங்களும் குடிபெயர்ந்தவர்தான்! பக்கத்துக் கும்பார்வாடாக் குயவர்கள் சௌராஷ்டிரத்திலிருந்து வந்து எத்தனை தலைமுறை ஆயிற்று, அவர்கள் கதையும் இதேதான்.

அந்தேரி மாணவி: சார், பிழைக்க வருவது ஆண்கள்தானா?

மும்பையில் அப்படித்தான் தெரியும். 2011இல் தீவு நகரத்தில் 1000 ஆண்களுக்கு 832 பெண்கள்தான். ஆனால் நாடு முழுக்கப் பார்த்தால் இடம் மாறியவர்களில் பெண்களே அதிகம். கல்யாணம்தான் காரணம். பக்கத்து ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாலும் கணக்கில் அவர் குடிபெயர்ந்தவரே. உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், தன்னை அப்படி நினைத்திருக்கவே மாட்டார்.

மாட்டுங்கா வாசகி: எங்கள் தெருவில் இப்போது தமிழ்க் குரலே குறைவு. எல்லோரும் எங்கே போனார்கள்?

முலுண்ட், டோம்பிவிலி, நவி மும்பை என்று போயிருப்பார்கள். மூன்று பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பழைய ஃபிளாட்டை எப்படிப் பங்கு போடுவது? விற்றுவிட்டு ஆளுக்கொரு வீடாக ரயில் பாதையோரப் புறநகர்களுக்கு நகர்ந்துவிடுகிறார்கள். என் பள்ளியிலும் பார்த்தேன். தமிழ் வழியில் இரண்டு பிரிவாக இருந்த வகுப்பு, நான் ஓய்வு பெறும்போது ஒன்றாகிவிட்டது. சிலர் ஆங்கில வழிக்கு மாறினார்கள். மற்றவர்கள் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தபோது எந்த ஊர் என்று கேட்பேன். பாதிப்பேர் கல்யாண் என்பார்கள். ஒன்றிரண்டு பேர் மட்டும் திருநெல்வேலிக்கே திரும்பினார்கள்.