கிணற்றில் அவசரம் வேண்டாம், எஞ்சினில் தாமதம் வேண்டாம்
புயலுக்குப் பின் எழுந்து நிற்கும் கடலோர ஊர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

கே: புயலில் கடல் நீர் ஊருக்குள் ஏறி எங்கள் பொதுக் கிணற்றில் விழுந்துவிட்டது. மோட்டார் வைத்து ஒட்ட இறைத்துவிடலாம் என்கிறார்கள் இளைஞர்கள். செய்யலாமா?

ப: ஒட்ட இறைக்க வேண்டாம். கரையோர மணலில் நல்ல தண்ணீர், அடியிலுள்ள உப்புத் தண்ணீரின் மேல் படலமாக மிதந்து நிற்கிறது. மேலே நல்ல தண்ணீர் மட்டம் 1 செ.மீ. இறங்கி அப்படியே நின்றால், கீழேயுள்ள உப்பு சுமார் 40 செ.மீ. ஏறும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. மோட்டார் ஓட ஓட அடி உப்பைத்தான் மேலே இழுக்கிறீர்கள். சுற்று மண் ஊறிக் கிடக்கும்போது உள்ளே மட்டம் சட்டென்று இறங்கினால் கிணற்றின் உறையே சரியலாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில் திரும்பத் திரும்ப இறைத்தும் பல கிணறுகளில் உப்பு போகவில்லை. மழைதான் அவற்றைத் தேற்றியது.

முதலில் குப்பையையும் செத்துக் கிடப்பவற்றையும் எடுங்கள். பிறகு கலங்கிய தண்ணீரை ஒரே ஒரு முறை, மெதுவாக இறைத்துச் சேற்றை வாருங்கள். மட்டம் வேகமாக விழுந்தால் நிறுத்திவிடுங்கள். இறைத்த தண்ணீர் கிணற்றடியிலேயே ஊறி மறுபடி உள்ளே வராதபடி தள்ளி, தாழ்வான பக்கம் ஓடட்டும். பெட்ரோல், டீசல் பம்பை எக்காரணம் கொண்டும் கிணற்றுக்குள் இறக்காதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. உள்ளே இறங்கியவர் மயங்கிய பிறகுதான் தெரியும், அவரைத் தூக்க இறங்குபவரும் மயங்குவார்.

அடுத்தது ப்ளீச்சிங் பவுடர். கிணற்றின் விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 0.785 ஆலும் பெருக்குங்கள் (எல்லாம் மீட்டரில்). வருவது கன மீட்டர். ஒவ்வொரு கன மீட்டருக்கும், அதாவது 1,000 லிட்டருக்கும், 33 சதவீத குளோரின் வீரியமுள்ள பவுடர் 150 கிராம். 2 மீட்டர் விட்டம், 1.5 மீட்டர் நீர் என்றால் சுமார் 4,700 லிட்டர். 700 கிராம் போதும். வாளியில் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை மட்டும் கிணற்றில் ஊற்றி, வாளியை இறக்கி ஏற்றிக் கலக்குங்கள். 24 மணி நேரம் யாரும் மொள்ளக் கூடாது. பிறகு நெடி குறையும்வரை கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வெளியே கொட்டுங்கள்.

இது பலிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். மாதக்கணக்கில் திறந்து கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது. சேறு வாராத கிணற்றில் குளோரினைச் சேறே தின்றுவிடும். இன்னொன்றையும் ஊரில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்: குளோரின் கிருமியைக் கொல்லுமே தவிர உப்பை எடுக்காது. உப்பு இறங்கும்வரை அந்தத் தண்ணீர் புழங்குவதற்குத்தான், குடிநீர் வெளியிலிருந்து வர வேண்டும்.

கே: படகோடு மூழ்கிய அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும்) எஞ்சின்களை ஒவ்வொன்றாக மீட்டுக்கொண்டிருக்கிறோம். மெக்கானிக் ஒருவர்தான். அதுவரை வெயிலில் காய வைக்கலாமா?

ப: காய வைப்பதுதான் எஞ்சினைக் கொல்கிறது. உப்பு ஈரத்தோடு காற்றுப் பட்ட சில மணி நேரத்திலேயே பேரிங்கும் சிலிண்டர் சுவரும் துருப்பிடிக்கத் தொடங்கும். மீட்டவுடன் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மெக்கானிக்கின் கை உடனே எட்டாது என்றால், பெரிய டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி எஞ்சினை முழுக்க அமிழ்த்தி வையுங்கள். கேட்கும்போது மனம் ஒப்பாது. ஆனால் காற்றுப் படாத வரை துரு மெதுவாகத்தான் ஏறும். உரியவர் பெயரை எழுதிக் கட்டிவிடுங்கள். வரிசையிலும் ஒரு நியாயம் உண்டு: இன்று மீட்டதற்கு முதலிடம். போன வாரமே காய்ந்து துருவேறியது இன்னும் இரண்டு நாள் பொறுக்கும்.

முறை இது: மூடியைக் கழற்றிக் கழுவுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பிளக் துளை கீழே பார்க்கும்படி சாய்த்து, ஃபிளைவீலைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். கார்புரேட்டரை வடியுங்கள், பழைய பெட்ரோலை அகற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் எஞ்சின் ஆயில் கொஞ்சம் விட்டு மறுபடி சுற்றுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் ஆயிலையும் மாற்ற வேண்டும். பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, சற்று ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்றுங்கள். கியர் ஆயிலையும் பாருங்கள். கையால் சுற்றும்போது மணல் நெறுநெறுத்தாலோ சுற்றவே மறுத்தாலோ கயிற்றை இழுக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே மூழ்கிய எஞ்சினில் கனெக்டிங் ராடு வளைந்திருக்கக் கூடும். பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

கே: பறந்த தகரங்களைப் பொறுக்கி, பழைய ஆணியை நிமிர்த்தி அடிக்கிறோம். நிற்குமா?

ப: நிற்காது. காற்று கூரையை அழுத்துவதைவிட மேல்நோக்கி உறிஞ்சுவதுதான் அதிகம்; மூலை, விளிம்பு, முகடு மூன்றிலும் அந்த இழுப்பு கூடுதல். ஆணி உருவிக்கொண்டு வரும். ரப்பர் வாஷரோடு துத்தநாகப் பூச்சுள்ள ஸ்குரூ போடுங்கள்: விளிம்புகளிலும் முகட்டிலும் தகரத்தின் ஒவ்வொரு மேட்டிலும், நடுவில் ஒன்று விட்டு ஒன்று. ஆனால் தகரத்தை ரீப்பரில் (தகரம் தாங்கும் குறுக்குச் சட்டத்தில்) இறுக்கிவிட்டு ரீப்பரைத் தளர்வாக விட்டால் சட்டத்தோடு பறக்கும். ரீப்பர், அதைத் தாங்கும் கைமரம், சுவர், அடித்தளம் என்று ஒவ்வொன்றையும் அடுத்ததோடு உலோகப் பட்டையால் கட்டியாக வேண்டும். கூரை நீட்டம் சுவரைத் தாண்டி 45 செ.மீ.க்குள் இருக்கட்டும். தாழ்வாரத்துக்குத் தனிக் கூரை போட்டால், அது போனாலும் வீட்டுக் கூரையை இழுத்துக்கொண்டு போகாது.

கே: நிவாரணப் பட்டியல் எழுதினாலே சண்டை. எப்படி எழுதுவது?

ப: படகு வாரியாக எழுதாமல், அடுப்பு வாரியாக, அதாவது தனியாகச் சமைக்கும் ஒவ்வொரு குடும்பத்தையும் ஒன்றாக எண்ணி எழுதுங்கள். படகு வாரியாக எழுதும் ஊர்களில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர், மீன் விற்கும் பெண், வாடகைக்குக் குடியிருப்பவர், காகிதங்களைத் தண்ணீரில் இழந்தவர் ஆகியோர் விட்டுப்போகிறார்கள். எழுதியதை ஊர் நடுவில் உரக்கப் படித்து, இரண்டு நாள் ஒட்டி வைத்து, திருத்தம் வாங்கிய பிறகே வெளியே அனுப்புங்கள். இடிபாட்டை அள்ளும் முன் வீடு வீடாகப் படம் எடுத்துவிடுங்கள். கிடங்கின் சாவி ஒருவரிடம், பதிவேடு வேறொருவரிடம். வந்ததும் போனதும் அன்று மாலையே பலகையில் ஏறட்டும்.

தருகிறவர்களிடம் ஊர் "வேண்டாம்" என்றும் சொல்லலாம். 2004க்குப் பிறகு சில கரைகளில் இழந்ததைவிட அதிகப் படகுகள் வந்து இறங்கின. அவற்றில் கடலுக்கு உதவாத தரமற்றவையும் இருந்தன.

கே: தற்காலிகக் கழிப்பறையைக் கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது?

ப: குறைந்தது 30 மீட்டர். குழியின் அடி நிலத்தடி நீர் மட்டத்துக்கு 1.5 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். கடற்கரையில் நீர் மேலேயே நிற்கும் என்பதால் பெரும்பாலும் குழி தோண்ட முடியாது. மேடை எழுப்பிக் கட்டுங்கள். முதல் நாட்களில் 50 பேருக்கு ஒன்று, பிறகு 20 பேருக்கு ஒன்று. பெண்களுக்குத் தனியாக, உள்தாழ்ப்பாளும் வெளிச்சமும் உள்ள இடத்தில்.