பாட்டுக்கு எதற்குப் படம்? மாணவர் மியூசிக் வீடியோ: கேள்வி பதில்

பாடல் காட்சிகளுக்கு எடிட்டிங் செய்வது என் தொழில். சில வருடங்களாக, முதல் மியூசிக் வீடியோ எடுக்கும் மாணவர் குழுக்களுக்கும் கூடவே இருந்து உதவி வருகிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். கேமராவைவிடத் திட்டமிடுதலைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். அதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

கேள்வி: அக்கா, "மியூசிக் வீடியோ ஏன் எடுக்கப்படுகிறது" என்று ப்ராஜெக்ட் அறிக்கையில் ஒரு பக்கம் எழுத வேண்டும். "விளம்பரத்துக்காக" என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் வரவில்லை.

விளம்பரம் என்பது சரியான பதில்தான். ஆனால் எதை விற்க என்று கேட்டுப் பாருங்கள், ஒரு பக்கம் போதாது.

1890களில் அமெரிக்காவில் விற்பனைக்கு இருந்தது இசைக்குறிப்பு அச்சிட்ட தாள். அதை விற்க, அரங்கில் பாடகர் பாடும்போது கண்ணாடித் தகடுகளில் இருந்த வண்ணப் படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினார்கள். 1940களில் அதே நாட்டில், காசு போட்டால் மூன்று நிமிடப் பாட்டுப் படம் ஓடும் பெட்டிகள் மதுக்கூடங்களிலும் உணவகங்களிலும் இருந்தன. அங்கே விற்றது படத்தையேதான். 1966இல் பீட்டில்ஸ் குழு தங்கள் புதுப் பாட்டுகளைப் படமாக்கித் தொலைக்காட்சி நிலையங்களுக்கு அனுப்பியது. எல்லா நிகழ்ச்சிக்கும் ஆள் போக முடியாது, படம் போகும். 1975இல் குயின் குழுவின் 'போஹிமியன் ராப்சடி'க்கு வேறு சிக்கல். ஸ்டுடியோவில் அடுக்கடுக்காகப் பதிவு செய்த குரல்களை நாலு பேர் மேடையில் நின்று பாடிக் காட்ட முடியாது. படம் எடுத்து அனுப்புவதே வழியாக இருந்தது.

1981 ஆகஸ்ட் 1 அன்று எம்டிவி தொடங்கியது. நாள் முழுக்கப் பாட்டு ஓடும் சேனலுக்குப் படம் வேண்டும், அதை இசை நிறுவனங்கள் கொடுத்தன. 2005இல் யூடியூப் வந்தபின் பார்ப்பவரே பரப்புபவரும் ஆனார். அந்தத் தளத்தில் முதன்முதலாக நூறு கோடிப் பார்வைகளைத் தொட்டதும் ஒரு பாட்டுதான்: 2012 டிசம்பரில், கொரியப் பாடகர் சையின் 'கங்னம் ஸ்டைல்'.

ஆக, தாளை விற்க, வர முடியாத ஆளுக்குப் பதிலாக நிற்க, சேனலின் நேரத்தை நிரப்ப, கைக்குக் கை மாற என்று காலத்துக்குக் காலம் காரணம் மாறியிருக்கிறது. செலவு யாருடையது என்பதையும் எழுதுங்கள். பல ஒப்பந்தங்களில் நிறுவனம் போடும் வீடியோச் செலவு பிறகு கலைஞரின் வருமானத்திலிருந்து கழிக்கப்படும். அதனால் "இந்தப் பாட்டுக்கு வீடியோ தேவையா" என்பது பாடுபவருக்கு உண்மையான கேள்வி.

விற்பனையைத் தாண்டி எனக்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நாம் கேட்காமல் விட்டதைப் படம் கேட்க வைக்கிறது. பின்னணியில் மெல்லிசாக ஓடும் ஒரு தாளத்துக்கு, மேஜையைத் தட்டும் விரலைக் காட்டிப் பாருங்கள். அடுத்த முறை படமே இல்லாமல் கேட்டாலும் அந்தத் தட்டல் காதில் விழும். கீழே நான் சொல்லும் எல்லாமே இங்கிருந்துதான் வருகிறது.

கேள்வி: நான் ஊடகப் பாடம் நடத்தும் ஆசிரியர். முதலாண்டு மாணவர்களுக்குக் குறும்படம் கொடுப்பதா, மியூசிக் வீடியோ கொடுப்பதா?

மியூசிக் வீடியோ கொடுங்கள் சார். முதல் குறும்படங்கள் பெரும்பாலும் வசன ஒலிப்பதிவில்தான் விழுகின்றன. இங்கே ஒலி முன்பே தயார். நீளமும் முன்பே முடிவானது, ஆகவே இழுத்துக்கொண்டே போக முடியாது. மாணவர்களின் முழுக் கவனமும் ஷாட், நடிப்பு, வெட்டு இவற்றில் இருக்கும். திரைப்பட இயக்குநர்கள் டேவிட் ஃபின்ச்சர், மிஷேல் கோன்ட்ரி, ஸ்பைக் ஜோன்ஸ் எல்லாம் முழுநீளப் படத்துக்கு முன்பு மியூசிக் வீடியோவில் கை பழகியவர்கள்.

கேள்வி: குழுவில் ஐந்து பேர், ஐந்து பேருக்கும் ஐந்து பாட்டு. எப்படி முடிவெடுப்பது?

ரொம்பப் பிடித்த பாட்டு வேண்டாம். பிடித்த பாட்டுக்கு மனதில் ஏற்கெனவே ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கும், அது பெரும்பாலும் நீங்கள் எங்கோ பார்த்ததாகத்தான் இருக்கும். ஏற்கெனவே புகழ்பெற்ற காட்சி உள்ள பாட்டும் வேண்டாம்.

மூன்றரை நிமிடத்துக்குள் இருப்பவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் எல்லோரும் பேசாமல் மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை சும்மா கேளுங்கள். இரண்டாம் தடவை வரிகளை மறந்து, வாத்தியங்களை மட்டும் கேளுங்கள். மூன்றாம் தடவை ஒரு தாளில் நேரம் போட்டு, எங்கே என்ன மாறுகிறது என்று எழுதுங்கள்: "0:42, டிரம்ஸ் நுழைகிறது", "1:50, எல்லாம் நின்று குரல் மட்டும்", "2:30, பல்லவி திரும்புகிறது, ஆனால் கூடவே இன்னொரு குரல்". எந்தப் பாட்டுக்கு இந்தத் தாள் நிறைகிறதோ அதை எடுங்கள். தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே மாதிரி ஓடும் பாட்டு கேட்க இனிமையாக இருக்கலாம். ஆனால் இரண்டாவது நிமிடத்தில் உங்கள் கையில் காட்ட ஒன்றும் இருக்காது.

இந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கடைசிவரை வேண்டும்.

கேள்வி: பாட்டில் "மழை" என்று வந்தால் மழையைக் காட்டக் கூடாது என்கிறார் என் தோழி. காட்டினால் என்ன தப்பு?

தப்பில்லை. பாட்டு முழுக்க அதையே செய்தால்தான் அலுக்கும். ஆண்ட்ரூ குட்வின் என்ற ஆய்வாளர் வரிக்கும் படத்துக்கும் உள்ள உறவை மூன்றாகப் பிரித்தார். வரி சொல்வதையே காட்டுவது ஒன்று, வரியைப் பெரிதாக்கிப் புது அர்த்தம் சேர்ப்பது இன்னொன்று, வரிக்குச் சம்பந்தமே இல்லாமல் அல்லது எதிராகக் காட்டுவது மூன்றாவது. பாடத்தில் இதைப் படித்திருப்பீர்கள்.

நடைமுறையில் நான் பார்ப்பது வேறு. "மழை" என்ற சொல் காதில் விழுந்தாயிற்று. அந்த நேரத்தில் மழையைக் காட்டினால் பார்ப்பவருக்குப் புதிதாக எதுவும் போய்ச் சேரவில்லை. நனைந்த செருப்பு ஒன்று வாசலில் கிடக்கிறது என்று காட்டினால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. மழை முதலிலேயே வந்து, சொல் பிறகு வந்தாலும் அழகு. உங்கள் தோழியிடம் இதைச் சொல்லுங்கள், இருவருக்கும் ஒத்துப்போகலாம்.

கேள்வி: கல்லூரி வேலைதானே, காசுக்கு இல்லையே. எந்தப் பாட்டையும் எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

வகுப்பறைக்குள் மட்டும் போட்டுக் காட்டுவது வேறு, இணையத்தில் ஏற்றுவது வேறு. ஏற்றுவதாக இருந்தால் பாட்டில் இரண்டு உரிமைகள் இருப்பதைக் கவனியுங்கள். எழுதி இசையமைத்தவர்களின் உரிமை ஒன்று, அந்த ஒலிப்பதிவின் உரிமை இன்னொன்று. நீங்களே பாடிப் பதிவு செய்தால் இரண்டாவது பிரச்சினை தீரும், முதலாவது அப்படியே இருக்கும். யூடியூப் தானாகவே ஒலியை ஒப்பிட்டுப் பார்க்கும். காசு வாங்காததால் அது விட்டுவிடாது.

கிரியேட்டிவ் காமன்ஸ் பாட்டு, அதாவது சில நிபந்தனைகளோடு யாரும் பயன்படுத்தலாம் என்று உரிமையாளரே விட்ட பாட்டு என்றால், உரிமத்தைப் படியுங்கள். மாற்றம் செய்யக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால் அதை வீடியோவுக்குப் பயன்படுத்த முடியாது. ஏனென்றால் ஓடும் படத்தோடு பாட்டைப் பொருத்துவதையே அந்த உரிமங்கள் ஒரு மாற்றமாகத்தான் கணக்கில் எடுக்கின்றன. பலர் இதில் தடுக்கி விழுகிறார்கள்.

நல்ல வழி, சொந்தமாகப் பாட்டுப் போடும் ஒருவரைத் தேடிப் பிடிப்பது. அவருக்கு வீடியோ கிடைக்கும், உங்களுக்குப் பாட்டு கிடைக்கும். ஆனால் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். என் மாணவ நாட்களில் ஒருவர் வாய்வார்த்தையாகச் "சரி" என்றதை நம்பி நாங்கள் ஒரு மாதம் உழைத்தோம். முடிந்தபின் அவர் மனம் மாறிவிட்டார். அந்த வீடியோவை வெளியே யாருக்கும் காட்ட முடியவில்லை. அவரை நான் குறை சொல்லவில்லை, ஒரு தாளில் எழுதி வாங்காதது எங்கள் தவறு.

கேள்வி: எனக்கு வரையவே வராது. ஸ்டோரிபோர்டு கட்டாயமா?

ஒவ்வொரு ஷாட்டும் எப்படி இருக்கும் என்று முன்பே வரைந்து வைப்பதுதான் ஸ்டோரிபோர்டு, அதற்குக் கோட்டு உருவம் போதும். இல்லையென்றால் நண்பரை நிறுத்தி ஃபோனில் புகைப்படம் எடுங்கள். அந்தப் படங்களை எடிட்டிங் மென்பொருளில் பாட்டோடு வரிசையாகப் போட்டு ஓட்டிப் பாருங்கள். எங்கே இழுக்கிறது, எங்கே போதவில்லை என்று படப்பிடிப்புக்கு முன்பே தெரிந்துவிடும். முதலாண்டுக் குழுக்களுக்கு நான் கட்டாயமாக்குவது இந்த ஒன்றைத்தான்.

கேள்வி: எத்தனை ஷாட் எடுக்க வேண்டும்? ஒரே நாளில் முடியுமா?

மூன்றரை நிமிடம் என்றால் 210 விநாடி. சராசரியாக ஒரு ஷாட் மூன்று விநாடி என்று வைத்தால் 70 ஷாட். எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பாடும் காட்சியை வைடு, மிட், க்ளோஸப் என்று மூன்று அளவில் முழுப் பாட்டுக்கும் எடுத்துவிடுங்கள். பத்தரை நிமிட ஃபுட்டேஜ்தான், ஆனால் பாதி வீடியோ அதிலிருந்தே வந்துவிடும். மேலும், எது சொதப்பினாலும் அங்கே திரும்பி வெட்டலாம்.

மீதி 35 ஷாட்டுக்கு ஒரு நாள், பாடும் காட்சிக்கு அரை நாள். கேமராவை இடம் மாற்றி, லைட்டை மாற்றி வைப்பதற்குத்தான் நேரம் போகும், எடுப்பதற்கு இல்லை. அதனால் பாட்டின் வரிசையில் எடுக்காதீர்கள், இடவாரியாக எடுங்கள். இன்னொரு நாளைக் கையில் வைத்திருங்கள்.

கேள்வி: அண்ணன் ஒருவர் உதவியோடு எடுத்தோம். உதட்டசைவு முதலில் சரியாக இருக்கிறது, போகப் போக விலகுகிறது. என்ன கோளாறு?

போகப் போக விலகினால் பெரும்பாலும் ஃபோன்தான் காரணம். பல ஃபோன்கள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஃபிரேம் வேகத்தை, அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்பதை, தாங்களாகவே மாற்றிக்கொள்ளும். வேகத்தைப் பூட்டி வைக்கும் கேமரா செயலியில் எடுங்கள். ஏற்கெனவே எடுத்தாயிற்று என்றால், நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட்டிங்கில் போடுங்கள்.

தொடக்கத்திலிருந்தே ஒரே அளவு தள்ளியிருந்தால் அது வேறு கதை. படப்பிடிப்பில் பாட்டை ஓட்டுவதை எங்கள் ஆட்கள் இன்னும் "நாக்ரா" என்றே சொல்வார்கள், பழைய டேப் கருவியின் பெயர் அது. அந்த ஸ்பீக்கர் பாடுபவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஸ்பீக்கரும் பாடுபவரும் ஒரு பக்கம், கேமரா 34 மீட்டர் தள்ளி என்றால், கேமராவின் மைக்கில் பாட்டு பத்தில் ஒரு விநாடி தாமதமாகப் பதியும். அதாவது 25 ஃபிரேம் வேகத்தில் இரண்டரை ஃபிரேம். அந்த ஒலியை நம்பிப் பொருத்தினால் உதடு பாட்டுக்கு முன்னால் ஓடும். அந்த ஷாட்டைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

பாட்டுக்கு முன்னால் நாலு "பீப்" சேர்த்து வையுங்கள், பாடுபவர் சரியான இடத்தில் தொடங்குவார். அப்புறம், வாயை மட்டும் அசைக்கச் சொல்லாதீர்கள். சத்தமாகப் பாடச் சொல்லுங்கள். கழுத்து நரம்பும் மூச்சும் நிஜமாக அசைந்தால்தான் கண் நம்பும்.

கேள்வி: ஸ்லோ மோஷனில் ஆள் நகர்கிறார், ஆனால் உதடு மட்டும் பாட்டோடு ஒத்துப்போகிறது. அதை எப்படிச் செய்கிறார்கள்?

பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டி, அதற்கேற்பப் பாட வைத்து, 50 ஃபிரேமில் எடுக்கிறார்கள். எடிட்டிங்கில் 25க்கு இறக்கினால் உதடு சரியான வேகத்துக்கு வரும், தலைமுடியும் துணியும் மிதக்கும். இரட்டை வேகத்தில் பாடுவது கடினம், முந்தின நாளே பழகச் சொல்லுங்கள்.

கேள்வி: அறைக்குள் எடுத்தால் படத்தில் கோடு கோடாக ஓடுகிறது.

மின்சாரத்தோடு சேர்ந்து விளக்கு மின்னுவதுதான் காரணம். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120.

கேள்வி: கையில் காசே இல்லை. ஒரு ஃபோன், ஒரு அறை. என்ன செய்யலாம்?

ஓகே கோ குழு 2006இல் எட்டு டிரெட்மில், அசையாத ஒரு கேமரா, வெட்டே இல்லாத ஒரே டேக் என்று ஒரு வீடியோ எடுத்தது. உலகம் முழுக்கப் பார்த்தார்கள். காசுக்குப் பதிலாக அவர்கள் போட்டது ஒத்திகை. உங்களிடமும் அது இருக்கிறது. ஒரே ஒரு யோசனையை எடுத்துக்கொள்ளுங்கள், அது பாட்டோடு சேர்ந்து வளர வேண்டும். காலி அறையில் ஒவ்வொரு வாத்தியம் நுழையும்போதும் ஒரு பொருள் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரம் போட்டு எழுதிய அந்தத் தாள் இங்கேதான் கைகொடுக்கும்.

கேள்வி: என் மகளின் குழு ரயில் தண்டவாளத்தில் எடுக்கத் திட்டம் போட்டிருக்கிறது. அனுமதிக்கலாமா?

வேண்டாம் அம்மா. தண்டவாளம், கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி, ஓடும் வண்டி மூன்றும் கூடவே கூடாது. பாட்டு சத்தமாக ஓடும்போது பின்னால் வருவது கேட்காது. மகளிடம் "அந்த இடம் பாட்டுக்கு எதற்கு" என்று கேளுங்கள். பிரிவு என்று சொல்வாள். பிரிவைக் காட்டப் பூட்டிய கதவு போதும் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு பீட்டிலும் வெட்ட வேண்டுமா?

120 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 120 பீட் உள்ள பாட்டில் அரை விநாடிக்கு ஒரு பீட். எல்லாவற்றிலும் வெட்டினால் அரை நிமிடத்தில் கண் சலித்துவிடும், பிறகு எந்த வெட்டும் உறைக்காது. எட்டு பீட் விட்டுப் பாருங்கள். சில வெட்டுகளைப் பீட்டுக்கு ஒன்றிரண்டு ஃபிரேம் முன்னால் வைத்துப் பாருங்கள். அடி விழும்போது புதுப் படம் ஏற்கெனவே கண்ணில் இருக்கும், அடி அதிலேயே விழும். "குரல் மட்டும்" என்று எழுதிய இடத்தில் வெட்டவே வெட்டாதீர்கள். முகத்தை அப்படியே விடுங்கள்.

கேள்வி: முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

முதலில் ஒலியில்லாமல் ஓட்டுங்கள். குழுவில் இல்லாத ஒருவருக்குப் பாட்டு எங்கே உச்சத்துக்குப் போகிறது என்று படத்தை வைத்தே சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். அப்புறம் படத்தை மறைத்து, பாட்டை மட்டும் அவருக்குப் போடுங்கள். முன்பு கவனிக்காத ஏதாவது இப்போது காதில் விழுகிறதா என்று கேளுங்கள். "அந்த மேஜைத் தட்டல்" என்று அவர் சொன்னால், கேமரா ஒலியை எடுத்துவிட்டு இசையமைத்தவர் தந்த மூலக் கோப்பைப் போட்டு, ஏற்றிவிடுங்கள்.