பக்கத்துக் கொட்டகைக்குத்தான் தண்ணீரா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நியூயார்க் மாநிலத்தின் வடக்கே, அடிராண்டாக் மலைகளை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். வீட்டிலிருந்தே வேலை என்றானதும் நகரத்தை விட்டு இங்கே வந்துவிட்டோம். போன ஜனவரியில் ஒரு நாள் இரவு எங்கள் தெருவில் ஒரு மரவீடு தீப்பிடித்தது. வெளியே மைனஸ் இருபது டிகிரி. அங்கிருந்த வயதான தம்பதி நாயோடு வெளியே வந்துவிட்டார்கள். முதல் தீயணைப்பு வண்டி வர இருபது நிமிடம் ஆனது. அதிலிருந்து இறங்கியவர்களில் ஒருவர் என் காரைப் பழுது பார்ப்பவர், இன்னொருவர் என் மகளின் பள்ளிப் பேருந்தை ஓட்டுபவர். யாரும் வீட்டுக்குள் போகவில்லை. கொஞ்ச நேரம் தண்ணீர் அடித்தார்கள், தீர்ந்துபோயிற்று. அடுத்த வண்டி வந்ததும் பக்கத்துக் கொட்டகை மீதும் கேஸ் டாங்க் மீதும் அடித்தார்கள். விடிந்தபோது அஸ்திவாரமும் புகைபோக்கியும்தான் நின்றன.

அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இவ்வளவு பணக்கார நாட்டில் தீயணைப்பைச் சம்பளமில்லாத ஆட்களிடம் விடலாமா? நம்மூரில்கூட 101 அடித்தால் அரசாங்க வண்டி வருகிறது. இது அரசு கைகழுவிய காரியம் இல்லையா? இப்போது என்னையும் சேரச் சொல்கிறார்கள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே பழகிய உடம்பு. சேவை மனம் மட்டும் இருந்தால் போதுமா?

கே.

அன்புள்ள கே.,

முதலில் தண்ணீர்க் கணக்கைப் பார்த்துவிடுவோம். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. உங்கள் ஊர் மாதிரி இடத்தில் தெருவோரம் தீயணைப்புக் குழாய் கிடையாது. முதல் வண்டி கொண்டுவருவது பெரும்பாலும் 1,000 கேலன், அதாவது சுமார் 3,800 லிட்டர். ஒரு ஹோஸைத் திறந்தால் நிமிடத்துக்கு 150 கேலன் போய்விடும். ஆறேழு நிமிடத்தில் தொட்டி காலி. அதற்குள் டேங்கர் வந்து சேர வேண்டும். தார்ப்பாயில் செய்த மடக்குத் தொட்டி ஒன்றைச் சாலையில் விரித்து, டேங்கர் அதில் கொட்டிவிட்டு அடுத்த நடைக்கு ஓடும். நீர் எடுப்பது ஏதாவது குளத்திலிருந்து. ஜனவரியில் குளம் உறைந்து கிடக்கும். சில ஊர்களில் பனிக்கட்டி மட்டத்துக்குக் கீழே போகிற மாதிரி ஒரு குழாயை முன்பே புதைத்து வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் மரம் அறுக்கும் ரம்பத்தால் பனிக்கட்டியில் ஓட்டை போட்டு உறிஞ்ச வேண்டும். வழுக்கும் சாலையில் பத்து டன் தண்ணீரோடு அந்த டேங்கரை ஓட்டிவருகிறவரை யாரும் படம் எடுப்பதில்லை. தன்னார்வத் தீயணைப்பாளர்கள் சாலையில் சாகும் விபத்துகளில் டேங்கர் கவிழ்வதற்குத் தனி இடமே உண்டு.

இப்போது கொட்டகைக்கு வருவோம். இன்றைய வீட்டில் சோபா, மெத்தை, திரை எல்லாமே பெட்ரோலியத்தின் பிள்ளைகள். பழைய மர, பருத்திச் சாமான்கள் உள்ள அறை முழுக்கத் தீ ஆக ஏறக்குறைய அரைமணி நேரம் எடுத்ததையும், புதுச் சாமான்கள் உள்ள அறை ஐந்து நிமிடத்துக்குள் அந்த நிலைக்கு வந்ததையும் அமெரிக்காவில் சோதனை செய்தே காட்டியிருக்கிறார்கள். இருபதாவது நிமிடத்தில் அந்த வீடு போன வீடுதான். கையிலிருக்கும் தண்ணீரை அதில் ஊற்றுவது கணக்குத் தெரியாத வேலை. பக்கத்துக் கொட்டகையைக் குளிர வைத்தால் அது மிஞ்சும். புரொப்பேன் டாங்க் சூடேறி வெடித்தால் சுற்றி நிற்பவர்கள் யாரும் மிஞ்சமாட்டார்கள். உள்ளே போகாததற்கும் காரணம் உண்டு. இரண்டு பேர் உள்ளே போனால் இரண்டு பேர் தயாராக வெளியே நிற்க வேண்டும் என்பது விதி. உயிர் சிக்கியிருந்தால் விதிவிலக்கு. தம்பதியும் நாயும் வெளியே வந்தாயிற்று என்கிறீர்கள். அப்புறம் எதற்கு உள்ளே போக வேண்டும்?

இருபது நிமிடம் என்பதையும் குற்றமாகச் சொல்கிறீர்கள். அங்குள்ள தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் கிராமப்புறத் தன்னார்வப் படைகளுக்கு வைத்திருக்கும் அளவுகோல், 14 நிமிடத்துக்குள் ஆறு பேர். அதையும் பத்துக்கு எட்டு தடவை எட்டினால் சரி என்கிறது. அந்த நேரத்தில் என்னவெல்லாம் அடக்கம் என்று பாருங்கள். பேஜர் அலற வேண்டும், மனிதர் எழுந்து உடுத்தி, உறைந்த காரைக் கிளப்பி, நீல விளக்கைச் சுழலவிட்டு நிலையத்துக்கு ஓட்டி, வண்டியை எடுக்க வேண்டும். உங்கள் மாநிலத்தில் அந்த நீல விளக்குக்குச் சட்டப்படி முன்னுரிமை கிடையாது, மற்றவர்கள் மரியாதைக்கு ஒதுங்கினால் உண்டு. நீங்கள் ஒதுங்குவீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் பார்த்தது தோற்றுப்போன இரவு. குளிர்காலத்தில் அவர்கள் ஜெயிக்கும் இரவுகளும் உண்டு, அது யார் காதுக்கும் வருவதில்லை. விறகு ஸ்டவ் எரியும் வீட்டில் புகைபோக்கியின் உட்சுவரில் தார் மாதிரி ஒரு கசடு படியும், கிரியோசோட் என்பார்கள். அது பற்றிக்கொண்டால் ரயில் வருகிற சத்தம் கேட்கும். கொதிக்கும் செங்கல்லில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விட்டுத் தீ சுவருக்குள் இறங்கிவிடும். அதனால் ஏணி போட்டுக் கூரைக்குப் போய், சமையலறையில் வைத்திருக்கிற மாதிரி சின்னப் பிளாஸ்டிக் பைகளில் தீயணைப்புப் பொடியைக் கட்டி மேலிருந்து ஒவ்வொன்றாகப் போடுவார்கள். பை உருகும், பொடி பரவும், தீ அடங்கும். ஒரு மணி நேரத்தில் கணப்பின் முன்னால் விழுந்த கரியைக்கூட அள்ளிவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்தப் பக்கம் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை தீயணைப்பு நிலையத்தில் பான்கேக் சாப்பிடப் போனோம். நிதி திரட்டுவதற்காக நடத்துவது. வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு அந்த இடத்தில் மேசை போட்டிருந்தார்கள். கல்லில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தவர்தான் படைத் தலைவர். சுவரோரம் வரிசையாக பூட்ஸ்கள். ஒவ்வொரு ஜோடி மேலும் கால்சட்டை சுருட்டி இறக்கிவிடப்பட்டிருந்தது, காலை விட்டு ஒரே இழுப்பில் மாட்டிக்கொள்வதற்காக. குளிர்காலத் தீயிலிருந்து திரும்பினால் அந்தக் கோட்டு கழற்றின பிறகும் தானே நிற்கும் என்றார் ஒருவர், அவ்வளவு பனிக்கட்டி. ஹோஸை மடக்க முடியாது. நீட்டுவாக்கில் லாரியில் போட்டு எடுத்துவந்து நிலையத்தில் உருக்க வேண்டும். தீயடிக்கும்போதும் முனையை முழுக்க மூடக் கூடாதாம், நீர் ஓடாவிட்டால் உள்ளேயே உறைந்துவிடும்.

அரசு கைகழுவியது என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் சொத்து வரிச் சீட்டைப் பாருங்கள், தீயணைப்புக்கென்று ஒரு வரி தனியாக இருக்கும். வண்டியும் கட்டடமும் பெரும்பாலும் அதில்தான் வருகின்றன. ஆளுக்குச் சம்பளம் என்று வந்தால், இரவு பகலாக நான்கு பேர் இருக்க ஷிப்டு, விடுப்பு எல்லாம் சேர்த்துப் பதினாறு, இருபது பேரை வைக்க வேண்டும். ஆயிரம் பேர் உள்ள ஊர் அதைத் தாங்காது. இது அமெரிக்கக் கஞ்சத்தனமும் இல்லை. ஜெர்மனியில் சுமார் பத்து லட்சம் பேர் இப்படித்தான் தீயணைக்கிறார்கள். ஆஸ்திரியாவில் சம்பளம் வாங்கும் தீயணைப்புப் படை ஆறு நகரங்களில் மட்டுமே. நம்மூரிலும் 101-க்கு வண்டி பக்கத்து டவுனிலிருந்துதான் கிளம்ப வேண்டும். அதுவரை கிணற்றிலிருந்து குடம் மாற்றிக் கொடுக்கிறவர்களுக்கு யார் சம்பளம் தருகிறார்கள்?

ஆனால் உங்கள் கவலையில் ஒரு பகுதி நியாயம். இந்த ஏற்பாடு மெலிந்துகொண்டுதான் வருகிறது. 1984-ல் அமெரிக்காவில் ஒன்பது லட்சம் தன்னார்வத் தீயணைப்பாளர்கள் இருந்தார்கள். 2020-ல் ஆறே முக்கால் லட்சம். இடையில் மக்கள்தொகையில் ஒன்பது கோடிப் பேருக்கு மேல் கூடியிருக்கிறார்கள். அழைப்புகளும் பல மடங்கு கூடிவிட்டன, அதில் பெரும்பகுதி மருத்துவ உதவிக்கு. சின்ன ஊர்ப் படைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஐம்பதைத் தாண்டியவர். பணியில் இறப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேரைக் கொல்வது நெருப்பல்ல, மாரடைப்பு. இதைவிட மோசம் பகல் நேரம். முன்பு பண்ணையிலும் மரஆலையிலும் வேலை பார்த்தவர்கள் சைரன் கேட்டதும் வருவார்கள். இப்போது ஆளுக்கு ஐம்பது மைல் தள்ளி வேலை. செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குத் தீப்பிடித்தால் ஊரில் ஆள் இல்லை.

உங்களை ஏன் கேட்கிறார்கள் என்று இப்போது புரிகிறதா? உங்கள் உடம்பைப் பார்த்து இல்லை. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள்!

சேவை மனம் மட்டும் போதாது. பயிற்சி வேண்டும், அதை அவர்களே தருவார்கள், இலவசமாக. தீக்குள் நுழைவதற்கு வேறு பயிற்சி, மருத்துவச் சோதனை எல்லாம் உண்டு. அது இல்லாமலே செய்ய வேண்டிய வேலை ஏராளம்: மடக்குத் தொட்டியை விரிப்பது, ஹோஸ் மாட்டுவது, சாலையை மறிப்பது, காற்று சிலிண்டர் மாற்றுவது, நிலையத்தின் கணக்கு வழக்கு. பழகிய பிறகு டேங்கர் ஓட்டலாம். மருத்துவரிடம் ஒருமுறை நெஞ்சைக் காட்டிவிட்டுப் பயிற்சி நடக்கும் மாலையில் போய்ப் பாருங்கள். தாடி வைத்திருந்தால் சுவாச முகமூடி முகத்தோடு ஒட்டாது, உள்ளே அனுப்பமாட்டார்கள். வெளியே நின்று செய்யும் வேலைக்குத் தாடி தடையில்லை.