1994இல் பர்மிங்ஹாம் பேரன்ஸ் அணிக்காக மைக்கேல் ஜோர்டான் ஆடிய பேஸ்பால் பருவம் தோல்விதானா?

தோல்வி என்று சொல்வது நியாயமில்லை என்றே கருதுகிறேன். 1993 அக்டோபரில் கூடைப்பந்திலிருந்து விலகிய ஜோர்டான், மகன் பேஸ்பால் ஆட வேண்டும் என்ற மறைந்த தந்தையின் ஆசையை மனத்தில் கொண்டு சிகாகோ ஒயிட் சாக்ஸ் என்ற பேஸ்பால் அணியின் அமைப்பில் சேர்ந்தபோது, அவர்கள் அவரை அலபாமாவிலுள்ள தங்கள் டபுள்-ஏ நிலை (வீரர்களைத் தயார்படுத்தும் கீழ்நிலை லீக்குகளில் ஒன்று) அணியான பேரன்ஸுக்கு அனுப்பினர். அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக்கிற்கு இரண்டே படி கீழே உள்ள அந்த நிலையில், பள்ளிப் பருவத்திற்குப் பின் பேஸ்பாலை முறையாக ஆடாத 31 வயதுக்காரர் நேரடியாக இறங்குவது மிகக் கடினம்.

தொடக்கத்தில் தொடர்ந்து 13 ஆட்டங்களில் அவர் குறைந்தது ஒரு ஹிட்டாவது (பந்தை அடித்துப் பாதுகாப்பாக பேஸை அடைவது) அடித்தார். பிறகு எறிவீச்சாளர்கள் வேகப்பந்தைக் குறைத்து வளைந்து செல்லும் பந்துகளை வீசத் தொடங்கியதும் தடுமாறினார். 127 ஆட்டங்களில் அவருடைய அடிப்புச் சராசரி .202, அதாவது நூறு முயற்சிகளுக்குச் சுமார் 20 ஹிட்கள்; ஹோம் ரன்கள் 3, ஸ்டிரைக் அவுட்கள் (மூன்று ஸ்டிரைக்குகளால் ஆட்டமிழப்பது) 114. ஆனால் அவர் 30 பேஸ்களைத் திருடியதையும் (பந்து அடிக்கப்படாமலேயே ஓடி அடுத்த பேஸை அடைவது), அவருடைய அடிகளால் 51 ரன்கள் கிடைத்ததையும் குறை கூறுவோர் ஏனோ சொல்வதில்லை. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் அரிசோனாவில் இளம் திறமையாளர்களுக்கு எதிராக ஆடியபோது சராசரி .252 ஆக உயர்ந்தது; கற்றுக்கொண்டிருந்தார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பேரன்ஸின் மேலாளர் டெரி ஃபிராங்கோனா, பின்னாளில் 2004இல் பாஸ்டன் ரெட் சாக்ஸை உலகத் தொடர் வெற்றிக்கு வழிநடத்தியவர், அவரும் ஜோர்டானின் உழைப்பை வெளிப்படையாகப் பாராட்டியிருக்கிறார்.

மேஜர் லீக் வீரர்களின் வேலைநிறுத்தம் நீடித்த 1995 மார்ச்சில், வேலைநிறுத்தம் செய்தவர்களுக்குப் பதிலாக மாற்று வீரராக ஆட விரும்பாமல் ஜோர்டான் விலகி, அதே மாதம் தன் பழைய கூடைப்பந்து அணியான சிகாகோ புல்ஸுக்குத் திரும்பினார்.